எழுத்து வற்றிப்போன ஒருவரின் மர்மக்கதை: முதல் 24 பக்க மங்காவை வரைவது எப்படி

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பிள்ளைகள் சித்திரக் கொப்பியோடு வந்து குந்துவார்கள். எல்லாரும் போனில் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளை வாசித்து வளர்ந்தவர்கள். வாள், பறக்கும் முடி, சண்டைக்கு முன் கண்ணில் தெறிக்கும் ஒளி எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஒருநாள் அவர்களில் ஒருத்தி, "சேர், சண்டை இல்லாத கதை ஒண்டு வரைய ஏலுமா? கதை எழுதுற ஒராள். திடீரெண்டு அவருக்கு எழுத்து வருதில்ல. ஏன் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் கதை" என்றாள்.

அந்தக் கதையை 24 பக்கத்தில் முடிக்க எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது. மனதுக்குள் நடக்கும் மர்மம், புதிதாக வரைகிறவர்களுக்கு நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். குதிரை வரையத் தெரிய வேண்டாம், கட்டடம் இடிந்து விழ வேண்டாம். ஒரு வீடு, ஒரு மேசை, மூன்று மனிதர் போதும். கவனம் மட்டும் நிறைய வேண்டும். நாங்கள் போன வழியை, அதே கதையை உதாரணமாக வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியொரு கதையைச் சில வருடங்களுக்கு முன் நான் தனியாக முயன்றிருக்கிறேன். மனிதர் வெள்ளைத்தாள் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் 11 கட்டங்களில் வரைந்தேன். அதைப் பார்த்த என் அக்காவின் மகள், "மாமா, இவருக்குத் தலையிடியா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. எழுத வராமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். இல்லாத ஒன்றை வரைய முடியாது. அது முன்பு இருந்த இடத்தை வரையலாம். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

வரைய முன் வாசிக்க வேண்டியது

இந்த வகைக்கு ஒரு மூத்த உதாரணம், ஜப்பானிய மங்காக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் 'பார்பரா'. 1973, 74ஆம் ஆண்டுகளில் 'பிக் கொமிக்' இதழில் தொடராக வந்தது. பேர்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் ஷிஞ்ஜுகு ரயில் நிலையத்தில் குடித்துக் கிடக்கும் பெண்ணொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வருகிறார். அவள் இருந்தால் எழுத்து ஓடுகிறது, போனால் வற்றுகிறது. அவள் கலைத்தெய்வமா, அவருடைய மனம் உண்டாக்கிய உருவமா என்ற சந்தேகத்தை தெசுகா லேசில் தீர்த்துவைக்க மாட்டார். பெரியவர்களுக்கான கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை.

எதை வாசித்தாலும் இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை கையில் கொப்பியோடு: எந்தப் பக்கத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது? அதை உண்டாக்கியது சொல்லா, படமா? ஒரு கதைக்கு இப்படி ஒரு பக்கக் குறிப்பு எழுதினால், பத்துக் கதையைச் சும்மா வாசிப்பதைவிடக் கூடுதலாக விளங்கும்.

எது காணாமல் போனது?

'அவருக்குக் கற்பனை வற்றிவிட்டது' என்று தொடங்கினால் ஐந்தாம் பக்கத்திலேயே கதை நின்றுவிடும். கற்பனை என்பது தண்ணீர்ப் பானை இல்லை. எழுதுகிற ஒருவரிடமிருந்து உண்மையில் எது போகக்கூடும் என்று தேடிப் பாருங்கள். எங்களுக்கு உதவியவை மூன்று சம்பவங்கள்.

ஹவர்ட் எங்கல் என்ற கனடிய எழுத்தாளர் துப்பறியும் கதைகள் எழுதியவர். 2001இல் ஒருநாள் காலை செய்தித்தாளை எடுத்தால், எழுத்தெல்லாம் தெரியாத வேற்றுமொழி எழுத்துப்போல இருந்ததாம். இரவில் அவருக்குப் பாரிசவாதம் வந்திருக்கிறது. வாசிக்கும் திறன் போய்விட்டது, ஆனால் எழுத முடிந்தது. தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாத எழுத்தாளர்! பிறகு மெல்ல மெல்ல, எழுத்தின் வடிவத்தை நாக்கினால் பல்லிலும் அண்ணத்திலும் கோடிழுத்துப் பார்த்து வாசிக்கப் பழகினார். அந்த நாக்கை ஒரு கட்டத்தில் வரைந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஐரிஸ் மேடொக். ஆங்கில நாவலாசிரியை. அவருடைய கடைசி நாவல் 1995இல் வந்தது. அல்சைமர் நோய் என்று கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வு அவருடைய மூன்று காலத்து நாவல்களை ஒப்பிட்டது. கடைசி நாவலில் சொல்வளம் சுருங்கியிருந்தது. நோய் பிடிபடுவதற்கு முன்னமே சொற்கள் போகத் தொடங்கிவிட்டன.

மூன்றாவது, ஹெலன் கெல்லர். 11 வயதில் அவர் ஒரு கதை எழுதிப் பரிசாகக் கொடுத்தார். அது ஏற்கெனவே வேறொருவர் எழுதிய கதையைப்போல இருப்பது பிறகு தெரியவந்தது. சின்ன வயதில் யாரோ அதை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டது மறந்துபோய், கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. தன்னுடையது என்று நம்பித்தான் எழுதினார்.

வாசிப்பு போகலாம், சொல் போகலாம், எங்கிருந்து வந்தது என்ற நினைவு போகலாம். நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒற்றை வாக்கியத்தில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் கதையின் எழுத்தாளர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவரைப் பற்றி நாங்கள் எழுதிய வாக்கியம் இது: "முப்பது வருடமாகத் தன் அக்காவின் வாயில் இருந்த கதைகளைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது வாத்தியாருக்குத் தெரியாது, அக்கா இல்லாத வீட்டில் அவருக்கு எழுத்து வரவில்லை."

நோயைப் பேயாக வரையாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நம் வீடுகளில் பாரிசவாதம் வந்தவர்கள், மறதி வந்தவர்கள், மனம் சோர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தக் கொப்பியைப் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட கதையில் மாதக்கணக்கில் புழங்கும்போது உங்களுக்கே மனம் கனத்தால் யாரிடமாவது கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

மர்மக்கதையை முதல் பக்கத்திலிருந்து யோசித்தால் வழி தவறிவிடும். கடைசியை முடிவுசெய்த பிறகு பின்னோக்கி நடந்து தடயங்களை விதைக்க வேண்டும்.

எங்கள் கதை இப்படி. கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கதைகள் எழுதிப் பேர் எடுத்தவர். பத்து மாதமாக ஒரு கதையும் எழுதி முடிக்கவில்லை. அவருடைய கையெழுத்துக் கதைகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைதான் எங்கள் துப்பறிவாளி. வாத்தியாரோடு கூடவே இருந்த அவருடைய பெரியக்கா, தை மாதம் பாரிசவாதம் வந்து பேச்சுப் போனதால், அக்கரைப்பற்றில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தக் கடைசி விஷயத்தை வாசகருக்கு நாங்கள் மறைக்கவில்லை. நாலாம் பக்கத்திலேயே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். அது முக்கியம் என்று மட்டும் காட்டவில்லை.

தடயம் விதைப்பதில் நான் பெரிதாக மதிக்கும் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு வேலை இருக்க வேண்டும். முதல் வாசிப்பில் அது ஒன்றைச் சொல்லும், இரண்டாம் வாசிப்பில் வேறொன்றை.

சுவரில் நாட்கலண்டர் ஒன்று. தை மாதத் தாளிலேயே நிற்கிறது. முதலில் பார்க்கிறவர், மனிதர் நாளைக்கூடக் கிழிக்க மனமில்லாமல் கிடக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அந்த வீட்டில் தினமும் தாள் கிழித்தவர் பெரியக்கா. மூன்றாம் பக்கத்தில், பழைய நினைவுக் கட்டமொன்றின் ஓரத்தில், கிழித்த தாள் ஒன்று பெண் கையில் இருக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கவும் கூடாது.

அடுத்தது பன் பாய். எழுதுமேசைக்குப் பின்னால் நிலத்தில் பாதி இழைத்த பாய் கிடக்கிறது, ஓரத்து இழைகள் விரிந்தபடி. ஒழுங்கில்லாத வீடு என்று தோன்றும். பிறகுதான் விளங்கும்: அவர் எழுதும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒருவர் இருந்து, பாய் இழைத்தபடி கதைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடயத்தில்தான் எனக்கு மிகுந்த சந்தோசம், ஏனென்றால் அது எங்கள் ஊரிலேயே கிடைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் 'பிறகு' என்பதை 'மறுகா' என்போம். 'திரும்பி' என்பது 'கிறுகி', 'கொஞ்சம்' என்பது 'ஒள்ளம்'. வாத்தியார் எழுதிய வரிகளைப் படக்கட்டத்துக்குள் சின்னப் பெட்டி போட்டு எழுதினோம். முதல் பக்கங்களில் வருபவை அவருடைய பழைய கதைகள். அவற்றில் இந்தச் சொற்கள் தாராளமாகப் புழங்கும். பக்கம் போகப்போக, அவர் இப்போது முயன்று எழுதிக் கிழித்துப்போடும் வரிகள் வரும். அவற்றில் ஒவ்வொன்றாக 'பிறகு', 'திரும்பி', 'சிறிது' என்று மாறிவிடும். யாரோ அவருடைய சொற்களைத் திருடுகிறார்கள்போல. தட்டச்சு செய்யும் பிள்ளைதான் இதைக் கண்டுபிடிக்கிறாள். விரலுக்குத்தானே முதலில் தெரியும்.

பொய்த்தடமும் வேண்டும். ஆனால் வாசகரை ஏமாற்றக் கூடாது. வாத்தியார், தன் கதைகள் வாவியிலிருந்து வருவதாக நம்புகிறவர். வாவித் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் ஒலியை எங்கள் ஊரில் பாடும் மீன் என்போம். அந்த ஒலி நின்றதால்தான் எழுத்து நின்றது என்கிறார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' இந்த ஒலியை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், இசையாகப் பாடியவர். வாத்தியார் அதை வாசித்து வளர்ந்தவர், அதனால் அவருடைய நம்பிக்கையும் பொருந்திப் போகிறது. பிள்ளை தோணிக்காரரிடம் போய்க் கேட்கிறாள். அவர், "மாரி மழைக்குள்ள என்னத்தக் கேக்குற புள்ள? சித்திரை கழிய, நிலவு காலத்தில, தண்ணி அசையாம கிடக்கக்க வா" என்கிறார். வாவியில் ஒரு குறையும் இல்லை. காலம்தான் அதற்கில்லை. இப்படிப் பொய்த்தடத்தையும் உண்மையான ஒன்றால் மூடினால் வாசகருக்குக் கோபம் வராது.

இடத்தைப் போய்ப் பாருங்கள்

படத்தைப் பார்த்துப் பாலம் வரையாதீர்கள். கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழையதில் இரும்புச் சட்டங்களின் நிழல் பின்னேரத்தில் தரையில் கட்டம் கட்டமாக விழும். மங்காப் பக்கம் மாதிரியே இருக்கும். துப்பறிவாளி அந்த நிழல்களைக் கடந்து நடப்பதை ஏழாம் பக்கத்தில் வைத்தோம். வீட்டில் இருந்து யோசித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடிப்பார்கள். ஒரு பிள்ளையை அப்படி நிற்கவைத்து மற்றவர்கள் வரைந்தார்கள். கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கண் மூடிக்கொள்கிறது, துடுப்பைப் பிடிக்கும் கையில் எந்த விரல் இறுகுகிறது, இதெல்லாம் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். எழுதாத மேசை எப்படியிருக்கும் என்று ஒரு மேசையை ஒரு கிழமை தொடாமல் விட்டுப் பார்த்தோம். பேனை மூடி திறந்தே கிடந்து மை காய்ந்தது. தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் பழுப்பு வளையம், அதைத் தேடி எறும்பு வரிசை. மின்விசிறிக் காற்றுக்குத் தாளின் ஒரு மூலை மட்டும் எழும்பி எழும்பி விழுந்தது, ஏனென்றால் மற்ற மூலையில் சங்கு ஒன்று பாரமாக இருந்தது. தலையில் கைவைத்த மனிதரை நாங்கள் ஓரிடத்திலும் வரையவில்லை. அந்தத் தாள் மூலையை நாலு தடவை வரைந்தோம்.

நேமு

இனித்தான் தாள். ஜப்பானில் மங்கா வரைகிறவர்கள், நல்ல தாளில் கைவைக்கும் முன் முழுக்கதையையும் கிறுக்கல் படமாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு 'நேமு' என்று பெயர். மனிதருக்கு வட்டத்தலை, உடம்புக்கு ஒரு கோடு போதும். எந்தக் கட்டம் எவ்வளவு பெரிது, யார் என்ன சொல்கிறார், எந்த இடத்தில் பக்கம் புரளும் என்பதுதான் இங்கே கணக்கு. இதைத் தவிர்க்க வேண்டாம். 24 பக்க நேமுவை ஒரு கிழமையில் மூன்று தடவை மாற்றலாம். மை போட்ட பக்கத்தை மாற்ற மனம் வராது.

ஏ4 தாள் ஆறை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 24 பக்கக் குட்டிப் புத்தகம் ரெடி. நேமுவை அதிலேயே போடுங்கள். காரணம், பக்கம் புரள்வதைக் கை உணர வேண்டும். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். நாம் தமிழில் இடமிருந்து வலமாக வாசிப்பதால் அப்படியே வரையலாம். அப்போது ஒற்றை எண் பக்கங்கள் வலது பக்கம் விழும். ஒற்றைப் பக்கத்தின் கடைசிக் கட்டம் முடிந்ததும் வாசகர் தாளைப் புரட்டுவார். அதனால் கேள்வியை அந்தக் கடைசிக் கட்டத்திலும், பதிலை அடுத்த இரட்டைப் பக்கத்தின் முதல் கட்டத்திலும் வையுங்கள்.

எங்கள் கதையில் 17ஆம் பக்கக் கடைசிக் கட்டத்தில், அலுமாரியில் கிடைத்த பழைய கசெட்டைப் போட்டு, பிள்ளையின் விரல் பட்டனை அழுத்துகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பெரியக்கா பேசி அனுப்பிய கசெட்டின் பிரதி. புரட்டினால் 18ஆம் பக்கம். முழுப்பக்கமும் கறுப்பு. நடுவில் ஒரு பேச்சுக்குமிழ் மட்டும்: வாத்தியாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கதையின் முதல் வரி, பெரியக்காவின் பேச்சில், 'மறுகா'வோடு. இதையே 17ஆம் பக்கத்தின் நடுவில் வைத்திருந்தால் பாதிப் பலம் போயிருக்கும்.

12ஆம் பக்கமும் 13ஆம் பக்கமும் நடுத்தாளில், ஒரே தாளின் ஒரே பக்கத்தில் வரும். இரண்டு பக்கத்துக்கும் நீளும் பெரிய படம் ஒன்று இருந்தால் அங்கே வையுங்கள், ஒட்டுத் தெரியாது. நிலவில் அசையாத வாவியை அங்கே வரைந்தோம்.

கட்டம், குமிழ், ஒலி

கட்டங்களுக்கு இடையே விடும் வெள்ளையை எல்லா இடத்திலும் ஒரே அளவாக விடாதீர்கள். ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கட்டங்களுக்கு நடுவே 3 மில்லிமீற்றர், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 7 அல்லது 8 மில்லிமீற்றர். நெருக்கமானதைக் கண் முதலில் சேர்த்து வாசிக்கும். இது தெரியாததால்தான் தொடக்கத்தில் பலரும் கட்டங்களுக்கு அம்புக்குறி போடுகிறார்கள். பழைய நினைவு வரும் பக்கங்களில் அந்த வெள்ளையைக் கறுப்பாக்கிவிடுங்கள். மங்கா வாசித்துப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

பேச்சுக்குமிழ்தான் தமிழுக்குச் சிக்கலான இடம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்குவதால் அவர்களுடைய குமிழ்கள் ஒடுங்கி உயரமாக இருக்கும். அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் நம் சொல் உள்ளே போகாது. தமிழ்ச் சொல் நீளம், எழுத்தும் அகலம். அகலக் குமிழ் போடுங்கள். முதலில் வசனத்தை எழுதிவிட்டுப் பிறகு அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். ஒரு குமிழுக்கு நாலு வரி, பத்துப் பன்னிரண்டு சொல் தாண்டக் கூடாது.

சொல்லை உடைக்க வேண்டி வந்தால் அது ஒட்டியிருக்கும் இடத்தில் உடையுங்கள். 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்பதை 'எழுதிக்' ஒரு வரி, 'கொண்டிருந்தேன்' அடுத்த வரி. 'எழுதிக்கொண்' என்று நிறுத்தி 'டிருந்தேன்' என்று தொடங்கினால் வாசிக்கிறவர் தடுக்கி விழுவார். அதைவிட நல்லது, பேச்சை நம் பேச்சாகவே எழுதுவது: 'எழுதிட்டிருந்தன்'. இடமும் மிச்சம், உயிரும் இருக்கும்.

போனில் எழுத்துப் போடுகிறவர்கள் முதலில் 'கொ', 'போ', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். சில செயலிகளில் கொம்பும் காலும் பிரிந்து சிதறும். அப்படியென்றால் அந்தச் செயலியில் படம் மட்டும் வரைந்துகொண்டு, எழுத்தைக் கையால் எழுதுங்கள். கையெழுத்துத்தான் எனக்கு எப்போதும் விருப்பம். எங்கள் கதையில் வாத்தியாரின் வரிகளை ஒரு பிள்ளையும், பெரியக்காவின் பேச்சை இன்னொரு பிள்ளையும் எழுதினார்கள். பதினெட்டாம் பக்கத்தில் கையெழுத்து மாறும்போது யார் பேசுகிறார் என்று சொல்லவே தேவைப்படவில்லை.

ஒலிக்கு நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது. சடசட, படபட, மொறுமொறு என்று வேண்டிய மட்டும் எடுக்கலாம். ஜப்பானியர்கள் அமைதிக்கும் ஒரு ஒலிச்சொல் வைத்து, 'ஷீன்' என்று படத்திலேயே எழுதுவார்கள். தமிழில் அதற்கு ஈடாக ஒன்றைக் கட்டாயப்படுத்திச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அமைதி வேண்டிய இடத்தில் மிகச் சின்ன ஒலியை எழுதினோம். தாள் மூலை எழும்பும் 'சர்க்'. அது கேட்கிறதென்றால் வீட்டில் வேறொன்றும் கேட்கவில்லை.

மை

மங்காப் பேனை முனைகள் நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். 0.3, 0.5 கறுப்புப் பேனைகள் இரண்டு, தடித்த மார்க்கர் ஒன்று, அடிமட்டம், நல்ல அழிறப்பர் போதும். ஏ4 தாளில் வரைந்து பாதிப் பக்க அளவான ஏ5க்குச் சுருக்கப்போகிறோம் என்பதை மறக்க வேண்டாம். அது 71 சதவீதம். கோடு மெலியும், எழுத்துச் சிறுக்கும். ஏ4 தாளில் எழுத்து 5 மில்லிமீற்றர் உயரமாவது இருக்கட்டும்.

மாரி காலத்தில் தாள் ஈரம் குடித்து மை பரவும். எங்களுக்கு ஆறு பக்கம் அப்படிப் போனது. தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, வரையும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள். கைக்குக் கீழே துண்டுத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு வரையுங்கள், வியர்வை படாது.

பெரிய கறுப்பு எங்கே விழ வேண்டும் என்று நேமுவிலேயே குறித்துவையுங்கள். எங்கள் கதையில் பாய் கிடக்கும் மூலை, முதல் பக்கங்களில் வெளிச்சமாக இருக்கும். வரவர அங்கே கோடுகள் சேர்ந்து இருளும். வாத்தியாரின் முகத்தில் நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை.

வாசித்துக் காட்டுவதும் அச்சும்

மை போட முன், நேமுவை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் மங்கா தெரிந்தவர், மற்றவர் அறவே தெரியாதவர். பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் எந்தப் பக்கத்தில் நின்று பின்னால் புரட்டுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். 18ஆம் பக்கத்துக்குப் பிறகு மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனால் தடயம் வேலை செய்கிறது. ஐந்தாம் பக்கத்திலேயே 'அக்காதான் காரணம்' என்றால் தடயத்தை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கடைசிவரை திரும்பிப் போகவில்லை என்றால் அது சின்னதாகிவிட்டது, ஒள்ளம் பெரிதாக்குங்கள்.

எங்கள் கதையின் முடிவை மாற்றியதும் அப்படியொரு வாசகர்தான், ஒரு பிள்ளையின் அம்மம்மா. முதலில் வாத்தியார் உண்மை தெரிந்து, மேசையில் குந்திப் புதுக்கதை எழுதுவதாக முடித்திருந்தோம். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த மனிசியப் போய்ப் பாக்கல்லயா இவன்?" என்று கேட்டார். நாங்கள் கடைசி நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டோம். இப்போது வாத்தியார் பஸ் ஏறுகிறார். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு என்று ஜன்னலில் ஊர்கள் போகின்றன. 23ஆம் பக்கத்தில் பேச்சில்லாத அக்காவின் கட்டிலருகே நிலத்தில் குந்துகிறார். 24ஆம் பக்கத்தில் ஒரே கட்டம், ஒரே குமிழ். சின்ன வயதில் கதை கேட்கும்போது இரண்டாம் பக்கத்தில் அவர் கேட்ட அதே சொல், அதே கேள்விக்குறியோடு: "மறுகா?"

அச்சுக்குப் போட்டோ கொப்பிக் கடையே போதும். தாள் ஓரத்தில் எல்லாப் பக்கமும் 15 மில்லிமீற்றர் வெறுமையாக விடுங்கள். நாங்கள் முதல் தடவை விடாததால், ஒரு கடையில் எடுத்த 20 பிரதிகளிலும் ஓரத்து வசனங்கள் வெட்டுப்பட்டுப் போயின. பக்க ஒழுங்குக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. 24 பக்கப் புத்தகத்தில் ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரும். முதல் தாளின் வெளிமுகத்தில் 24உம் 1உம், உள்முகத்தில் 2உம் 23உம், அடுத்த தாளில் 22உம் 3உம், பின்முகத்தில் 4உம் 21உம். கடைசியில் 12உம் 13உம் நடுவுக்கு வந்து சேரும். கடைக்காரரிடம் போக முன் இதை ஒரு துண்டில் எழுதி, மூலப்பக்கங்களோடு கொடுத்துவிடுங்கள்.

நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றாலும் பரவாயில்லை. சாதாரண ஸ்டேப்ளரை அடிப்பாகம் விரியத் திறந்து, தாள்களை விரித்துத் தடித்த அட்டையின் மேல் வைத்து, மடிப்புக் கோட்டில் இரண்டு இடத்தில் குத்துங்கள். அட்டையிலிருந்து மெதுவாகக் கழற்றி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளைக் கரண்டியின் முதுகால் மடித்துவிட்டால் கையில் குத்தாது.